பழம் மலையில், சர்க்கரையும் பாட்டிலும் அடிவாரத்தில்: ஒரு ஜாம் தொழிற்கூடத்துக்கு இடம் அமைந்த கதை

மலையில் விளைவதைக் கொண்டு மலையிலேயே ஒரு சிறுதொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை பழனி மலைப் பகுதியில் பலருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதியில், கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில், பிளம்ஸையும் பேரிக்காயையும் கொண்டு ஜாம் தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினேன். 2019ஆம் ஆண்டின் நடுவில் அதன் பெரும்பகுதியை வத்தலக்குண்டை அடுத்த ஒரு கிராமத்துக்கு இறக்கிவிட்டேன். இடையில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய் போயிற்று. ஜாமின் சுவையை யாரும் குறை சொன்னதில்லை. வாங்கியவர்கள் மீண்டும் கேட்டார்கள். இருந்தும் ஒவ்வொரு மாதமும் கணக்கு இடித்தது. அதற்குக் காரணம் தொழிற்கூடம் இருந்த இடம்தான் என்பதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் கணக்கு எனக்கு எப்படிப் புரிந்தது என்பதை, இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

வில்பட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. பழத்தோட்டங்கள் சுற்றிலும் இருந்தன. உருளைக்கிழங்கு அடுக்கி வைப்பதற்காக என் பெரியப்பா கட்டியிருந்த கொட்டகை சும்மா கிடந்தது. "வாடகையெல்லாம் எதுக்கும்மா, நீ வேலையைப் பாரு" என்று அவர் சொல்லிவிட்டார். மூன்றாவதாக மானியம். வங்கியில் கொடுத்த திட்ட அறிக்கையில் இயந்திரங்களைப் பற்றியும் விற்பனையைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருந்தன. இடத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: மூலப்பொருள் அருகிலேயே கிடைக்கிறது. பயிற்சி கொடுத்தவர்களும் சரி, கடன் கொடுத்தவர்களும் சரி, அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்கள். "மூலப்பொருள் என்றால் எது எது? அது எடையில் எவ்வளவு?" என்று யாரேனும் கேட்டிருந்தால், அன்றே நான் தராசை எடுத்திருப்பேன்.

மானியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ் கடன். அந்தத் திட்டத்தில் பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு ஊரகப் பகுதியென்றால் 35 விழுக்காடும், நகர்ப்புறமென்றால் 25 விழுக்காடும் மானியம் உண்டு. பதினெட்டு லட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு, கொடைக்கானல் நகராட்சிக்குள் இருந்தால் நாலரை லட்சம், வில்பட்டி ஊராட்சியில் இருந்தால் ஆறு லட்சத்து முப்பதாயிரம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் என் விஷயத்தில் அந்த விதி பிரித்துப் பார்த்தது ஊரகத்தையும் நகரத்தையும்தான். பெண் என்ற வகையில் ஏற்கெனவே சிறப்புப் பிரிவில் இருந்த எனக்கு மலை, சமவெளி என்பதால் எந்த மாற்றமும் இல்லை. அதே 35 விழுக்காடு அடிவாரத்தில் உள்ள எந்தக் கிராமத்திலும் எனக்குக் கிடைத்திருக்கும். தவிர, அந்தப் பணம் கையில் வருவதும் இல்லை. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே தனி வைப்பாகக் கிடந்து, தொழிற்கூடம் இயங்குவதை நேரில் சரிபார்த்த பிறகே கடன் கணக்கில் சேரும். மானியம் ஒருமுறை வருவது, வண்டி வாடகை ஒவ்வொரு லோடுக்கும் போவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த இடத்துக்கு என்ன மானியம் கிடைக்கும் என்று பிறகு பார்ப்பதே சரியான வரிசை.

சும்மா கிடைத்த கொட்டகைக்கு நான் செய்த செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குத் தரையில் ஓடு பதிக்க வேண்டியிருந்தது. சுவர் கழுவக்கூடியதாக இருக்க வேண்டியிருந்தது. மும்முனை மின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் வடியும் குழி என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்தில் சரக்கு வைக்க இன்னொரு அறை கட்டலாம் என்றால், அது சமவெளியில் கட்டுவதைப் போன்றதன்று. கொடைக்கானலுக்கு 1993ஆம் ஆண்டிலிருந்து முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கிறது. 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் இருக்கிறது. சரிவு எவ்வளவு, மண் எப்படி, எத்தனை மரம் போகும் என்றெல்லாம் பார்த்துத்தான் அனுமதி. அந்த விதிகள் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை; மழைக்காலத்தில் மண் சரிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விரிவாக்கத்துக்கு இடமில்லாத ஓரிடத்தில், விரிந்தால்தான் கடனை அடைக்க முடியும் என்ற கணக்கோடு நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் தொல்லை. உறவினர் கட்டடத்தில் பணம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதித்த தரை ஓடுகளையும் கட்டிய தொட்டியையும் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. வாடகை இல்லாவிட்டாலும், எத்தனை ஆண்டுக்கு, விட்டுப் போகும்போது செலவுக்கு என்ன ஈடு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது உறவுக்கும் நல்லது.

முதல் சீசனில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இல்லை. ஜாம் பதம் 105 டிகிரியில் வரும் என்று பயிற்சிக் குறிப்பில் இருந்தது. வெப்பமானியை வைத்துக்கொண்டு 105 வரட்டும் என்று கிண்டிக்கொண்டே இருந்தோம். பாகு இறுகி, நிறம் கருத்து, அடியில் பிடித்து, கரண்டியில் ரப்பர் மாதிரி இழுபட்டது. ஒரு பாத்திரம் முழுவதும் கொட்ட வேண்டியதாயிற்று. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நான்கைந்து டிகிரி. ஆகவே எங்களுக்கு 97, 98லேயே பதம் வந்துவிடுகிறது. குறிப்பு சமவெளிக்காக எழுதப்பட்டது, அதை மலையில் இருப்பவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, கரைந்த சர்க்கரையின் அளவை நேராகப் பார்த்து இறக்கப் பழகினோம். காற்றழுத்தம் பொட்டலத்திலும் விளையாடும். கீழே அடைத்த சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் கடைகளில் உப்பிப்போய்த் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நாங்கள் மேலே அடைத்த பேரிக்காய் வற்றல் பாக்கெட்டுகள் அதற்கு நேர்மாறாக, சென்னைக்குப் போனதும் சுருங்கி ஒட்டிப் போயின. ஓட்டை விழுந்த சரக்கு என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். உயரமான இடத்தில் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு செய்முறைக் குறிப்பையும், ஒவ்வொரு இயந்திரத்தின் அளவுக் குறியையும் அந்த உயரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் ஒரு சீசனில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது பாட்டில். மலையில் தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் சிறு பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஜாமுக்கும் கண்ணாடிதான் கௌரவம், கண்ணாடிதான் மலைக்கும் நல்லது என்று கண்ணாடியிலேயே நின்றேன். காலி பாட்டில் மதுரையிலிருந்து வரும். வைக்கோலும் அட்டைத் தடுப்பும் வைத்து அடுக்கினாலும், காட் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பிக்கப் வண்டி குலுங்கி ஏறும்போது அடியடுக்கில் சில உடையும். உடைந்ததைவிட மோசம், வாயில் மயிரிழை போல விரிசல் விட்டிருப்பது. கண்ணுக்குத் தெரியாது; கொதிக்கும் ஜாமை ஊற்றியதும் "டப்" என்று பிளக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டிலின் வாயையும் விரலால் தடவிப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். அவர் விரல் நுனியில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும். அடைத்த பாட்டில்கள் மறுபடியும் அதே வளைவுகளில் இறங்கும். அப்போது உடைவது வெறும் கண்ணாடியாக இருக்காது, பழமும் சர்க்கரையும் கூலியும் கேஸும் சேர்ந்த விலையாக இருக்கும்.

ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் ஓட்டுநர் தம்பி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடியே கேட்டார்: "அக்கா, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. கீழ இருந்து நான் ஏத்திட்டு வர்றதும் பாட்டிலு, மேல இருந்து இறக்கிட்டுப் போறதும் அதே பாட்டிலு. சீனியும் நான்தான் ஏத்துறேன், கேஸும் நான்தான் ஏத்துறேன். உங்க ஊர்ல இருந்து இதுல என்னதான் சேருது?" எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பழம் சேருகிறது என்று பதில் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து, அதற்குள் போவதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி சாதாரண ஜாமில் பழம் குறைந்தது 45 விழுக்காடு இருக்க வேண்டும். அரை கிலோ ஜாமுக்கு ஏறத்தாழ கால் கிலோ பழம், முந்நூறு கிராம் சர்க்கரை. கொதிக்கும்போது போகும் தண்ணீர் மிகக் கொஞ்சம். கண்ணாடி பாட்டிலும் மூடியும் சேர்ந்து கால் கிலோவுக்குக் குறையாது. ஆக, முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பாட்டில் சரக்கில் அரை கிலோவுக்கு மேல் அடிவாரத்திலிருந்து ஏறி, ஒரு பயனும் இல்லாமல் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப அடிவாரத்துக்கே இறங்குகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அட்டைப் பெட்டியும் எரிவாயு உருளையும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மூலப்பொருள் அருகில் கிடைக்கிறது என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தது பழத்தை மட்டும் நினைத்து. எடையில் பாதிக்கு மேலான மூலப்பொருள் சர்க்கரையும் கண்ணாடியும்தான். அவை அருகில் இல்லை.

இதைப் பொருளியலில் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்காக்கி வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியர் 1909இல் வெளியிட்ட ஆய்வில், பதப்படுத்தும்போது எடை குறையும் பொருள் என்றால் ஆலை மூலப்பொருளின் பக்கம் இழுக்கப்படும், எடை கூடும் பொருள் என்றால் சந்தையின் பக்கம் இழுக்கப்படும் என்று விளக்கியிருக்கிறார். இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே பணம் போன பிறகு. ஆனால் அதன் பொருளை நம் ஊர் ஆலைகள் ஒவ்வொன்றிலும் பார்க்கலாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். பறித்த இலை மூட்டைக்குள் சூடாகிக் கெடத் தொடங்கும். அதனால்தான் நீலகிரியில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தோட்டத்துக்கு நடுவிலேயே தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு இலையை இறக்கி யாரும் அரைப்பதில்லை. தைல மரத்து இலையை ஊட்டிப் பக்கம் காட்டோரத்திலேயே காய்ச்சுகிறார்கள், ஏனென்றால் வண்டி வண்டியாக இலை போட்டால் சில டின் எண்ணெய்தான் வரும். கரும்பும் அப்படியே, பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரை, வெட்டியபின் நேரம் ஆக ஆக அதுவும் குறையும், ஆகவே ஆலை கரும்புக் காட்டின் பக்கம். குளிர்பானத்தில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் எங்கும் கிடைக்கும். எனவே அது விற்கிற ஊருக்குப் பக்கத்திலேயே பாட்டிலில் அடைக்கப்படுகிறது. ஜாம் நடுவில் நிற்கிறது. பழத்தைக் கூழாக்கும் வரை அது தேயிலையைப் போல. கொட்டையும் தோலும் நடுத்தண்டும் கழிகின்றன, பிளம்ஸ் பழுத்தால் இரண்டு நாள் தாங்காது. சர்க்கரை சேர்த்த நொடியிலிருந்து அது குளிர்பானத்தைப் போல.

இந்த இரட்டைத் தன்மைக்கு விடை என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கி, பிறகு கழுவி, காய வைத்துவிடுவார்கள். அதன்பிறகு மேலுறையை உடைத்து, தரம் பிரித்து, விற்கிற வேலை மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் நடக்கும். மலையின் ஈரக்காற்றில் செய்யக் கூடாத வேலையை, சாலையும் வணிகர்களும் உள்ள அடிவாரத்துக்குக் கொண்டுபோய், மேலே செய்தே ஆக வேண்டியதை மட்டும் மேலே வைத்தார்கள். பட்டிவீரன்பட்டி வழியாகப் பேருந்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். காப்பி மணம் வந்ததே தவிர, அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குள் கேள்வி எழுந்ததில்லை. தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் தங்கள் பகுதியில் பழைய தொழில்கள் எந்தெந்த இடத்தில் நின்றன, எந்தப் படியில் சரக்கு மலையை விட்டு இறங்கியது என்பதை விசாரித்துப் பார்க்க வேண்டும். அது எந்தத் திட்ட அறிக்கையையும்விட நம்பகமான சான்று.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளம்ஸ் வருவது மே, ஜூன் மாதங்களில். கொடைக்கானலில் சுற்றுலா உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். எனக்கு ஆள் தேவைப்படும் அதே வாரங்களில் விடுதிகளுக்கும் ஆள் தேவை; அவர்கள் கொடுக்கும் நாள்கூலியை என்னால் கொடுக்க இயலவில்லை. பூண்டு எடுப்பும் கேரட் கழுவும் வேலையும் சேர்ந்துகொண்டால் கழுவித் தர ஒருவர்கூட இருக்க மாட்டார். தண்ணீருக்கும் அப்போதுதான் தட்டுப்பாடு. விடுதிகளுக்கு ஓடும் லாரித் தண்ணீரை நானும் அதே விலைக்கு வாங்க வேண்டும். காட் ரோட்டில் கார்கள் ஊர்ந்து நிற்கும்போது பழம் வண்டியிலேயே கனிந்துவிடும். ஓர் ஊரில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பது போதாது. எனக்குத் தேவைப்படும் மாதத்தில் வேறு யாருக்கெல்லாம் அதே ஆள், அதே தண்ணீர், அதே சாலை தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். இயந்திரம் பழுதானால் அடுத்த தொல்லை. கூழாக்கும் இயந்திரத்தின் ஒரு பேரிங் தேய்ந்ததற்கு, திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்து போன செலவு அந்தப் பேரிங்கின் விலையைப் போலப் பல மடங்கு. அடிவாரத்தில் இன்று அதே பழுதை இரண்டு சக்கர வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மலைக்கும் வந்தது. கடற்கரையில் நடக்க வேண்டியது கொடைக்கானலில் நடக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. மரங்கள் சாலையெங்கும் விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, சில இடங்களில் மண் சரிந்தது, உயிர்களும் போயின. என்னிடம் கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டிக்கான ஆர்டருக்காக உறைபெட்டிகள் நிறையப் பேரிக்காய்க் கூழ் இருந்தது. மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் தீர்ந்தது. சாலை திறந்தால்தான் டீசல் வரும். கூழ் புளித்து, மூடியைத் தூக்கிக்கொண்டு நுரைத்தது. அதை மண்ணில் குழி தோண்டிக் கொட்டியபோது நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சரக்கின் மதிப்பும் தவறிப்போன ஆர்டரும் சேர்ந்து இரண்டரை லட்சம். பெரியப்பா வந்து பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. புயலை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒரே சாலையையும் ஒரே மின்பாதையையும் நம்பி, குளிர் தேவைப்படும் சரக்கை எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். இப்போது மேலே, மின்சாரம் இல்லாமலேயே தாங்கக்கூடிய வடிவத்தில்தான் எதையும் வைக்கிறேன்.

அந்த நாட்களில் பலர் "மலைக் காற்று உங்கள் தொழிலுக்கு நல்லதாயிற்றே" என்று ஆறுதல் சொன்னார்கள். காற்றுக்காக மலையேறிய தொழில்கள் உண்டுதான். உதகையில் 1960இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அமைந்ததற்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று ஒரு முக்கியக் காரணம். படச்சுருளுக்கு அது உயிர்நாடி. எண்முறைப் படக்கருவி வந்து படச்சுருளே வேண்டாம் என்றானபின், அந்தக் காற்றால் ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. கொடைக்கானலிலேயே 1980களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. பாதரசக் கழிவு மண்ணிலும் காட்டிலும் கலந்தது வெளிப்பட்டு 2001இல் மூடப்பட்டது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் நீலகிரியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது, பஞ்சாலைகள் மலைக்கு ஏறிவிடவில்லை. கம்பி வழியே மின்சாரம் இறங்கிவந்தது, ஆலைகள் கோயம்புத்தூரில் பெருகின. இவற்றை என் ஜாமுக்குப் பொருத்திப் பார்த்தேன். கொதிக்க வைத்து, சூட்டோடு அடைத்து, மூடி போட்ட ஜாமுக்கு மலைக்காற்று எதையும் செய்வதில்லை. குளிர்ச்சியில் மெல்ல முதிர வேண்டிய சீஸ் போன்ற பொருளுக்கு அது மூலதனம். எனக்கு அது வெறும் பெயர்ப்பலகை. என் பொருளுக்கு இந்த இடம் உண்மையில் என்ன செய்கிறது, அதைக் கீழே வாங்கினால் என்ன விலை என்ற கேள்வியை ஒவ்வொரு சாதகத்துக்கும் கேட்டுப் பாருங்கள்.

இடமாற்றத்தை முடிவு செய்தபோது பெரியப்பாவிடம் சொல்வதுதான் எனக்கு வங்கி மேலாளரிடம் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது. அவர் பாட்டில் கணக்கைக் கேட்டுவிட்டு, "கிழங்கையும் நாங்க கழுவித்தான் இறக்குவோம் தாயி, மண்ணுக்கு எதுக்கு வாடகை" என்றார். அவருக்கு இது ஆண்டாண்டு காலமாகத் தெரிந்த கணக்கு. வில்பட்டிக் கொட்டகையை மூடவில்லை. பழத்தைக் கழுவுவதும், கொட்டை நீக்குவதும், கூழாக்கிச் சூடாக்கி டிரம்மில் அடைப்பதும் இன்றும் அங்கேதான் நடக்கின்றன. பேரிக்காய்க் கூழ் கருக்காமலிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடலாம். பிளம்ஸுக்கு அதைப் போட்டால் அந்த அழகான சிவப்பு வெளுத்துவிடும், ஆகவே அதற்குச் சோடியம் பென்சோயேட், இரண்டுமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். காய்கறி ஏற்றிய பிக்கப்புகள் இரவில் இறங்கி, விடிவதற்குள் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். கேரட், பீன்ஸ் மூட்டைகளோடு என் டிரம்களும் இறங்குகின்றன. அந்த வண்டிகள் பெரும்பாலும் காலியாகவே மேலே திரும்புகின்றன, அவற்றில் காலி டிரம்கள் ஏறுகின்றன. தனி வண்டி எடுத்த காலத்து வாடகையில் மூன்றில் ஒரு பங்குகூட இப்போது ஆவதில்லை. ஓர் இடத்தில் ஏற்கெனவே எந்தச் சரக்கு, எந்த நேரத்தில், எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அதோடு சேர்ந்துகொள்வது, நாமாக ஒரு புதிய ஓட்டத்தை உண்டாக்குவதைவிட மிகவும் மலிவு. சர்க்கரை, பாட்டில், அடைப்பு, லேபிள், கூரியர் எல்லாம் அடிவாரத்தில். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அங்கிருந்து நல்ல சாலை. லேபிளில் கொடைக்கானல் மலைப் பழம் என்று எழுதுகிறேன், அது உண்மைதான்.

நட்டத்தின் கணக்கு இது: கொட்டகையில் போட்டதில் பாதிக்கு மேல் பயனற்றுப்போனது, புயலில் இரண்டரை லட்சம், உடைந்த பாட்டிலும் திரும்பி வந்த சரக்கும் ஒன்றரை லட்சம் அளவில், மிச்சம் தேவையில்லாத ஏற்றிறக்கு வாடகையும் இடமாற்றச் செலவும். இடமாற்றத்தின்போது தாள் வேலையும் குறைவில்லை. உணவு உரிமம் இடத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. எனவே அடிவாரத்துக்கு உரிமம் தனியாக வாங்க வேண்டியிருந்தது, வில்பட்டி உரிமத்திலும் ஜாம் என்பதை நீக்கிக் கூழ் என்று மாற்றினேன். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவில் இரண்டாவது இடத்தைக் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் டிரம்மை ஏற்றினால் வழியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். மானியக் காலம் முடியாமல் இயந்திரத்தை நகர்த்துவதற்கு வங்கியிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றேன். வாய்ச்சொல்லை நம்பி நகர்த்தியிருந்தால், சரிபார்க்க வருகிறவர் பழைய முகவரியில் இயந்திரம் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, இ-பாஸ் வந்திருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். மலையில் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பிக் கடை போட்டுத் தயாரிக்கிறவர்கள் இனி அந்த எண்ணிக்கையைத் தங்கள் விற்பனைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடச் சொல்கிறேன்: உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து எத்தனை கிலோ, வெளியே போவது எங்கே எத்தனை கிலோ, ஒவ்வொன்றும் கெடாமல் எத்தனை மணி நேரம் தாங்கும். தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி பேஷன் ஃப்ரூட்டுக்கு இந்தத் தாளைப் போட்டுப் பார்த்தார். எடையில் பாதிக்கும் மேல் ஓடு. ஆகவே சாறு பிழிவது மேலே, ஸ்குவாஷ் அடைப்பது கீழே என்று அரை மணி நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பழ ஓடுகளை எங்கே கொட்டுவது என்பதுதான் அவருக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆட்டுக்குத் தீவனமாகுமா, தோட்டத்துக்கு உரமாகுமா என்று பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.